பழைய வீட்டுச் சாமான்: தேய்மானத்தைத் துடைத்துவிடாமல் சேர்ப்பது எப்படி

பாக்குவெட்டியைக் கையில் எடுத்ததும் அலகு கூராக இருக்கிறதா என்று தடவிப் பார்க்கத்தான் எல்லாருக்கும் தோன்றும். முதலில் பிடியைப் பாருங்கள். ஒரே வீட்டில் நெடுநாள் புழங்கியது என்றால், கட்டைவிரலின் அடிச்சதை அழுத்தும் பக்கம் அகலமாக, ஆழமில்லாமல் தேய்ந்திருக்கும். நாலு விரலும் மடங்கிப் பிடிக்கும் பக்கத்தில் விளிம்பு மழுங்கி வழவழவென்று இருக்கும். அலகிலும் தேய்மானம் ஒரே சீராக இருக்காது. கொட்டைப் பாக்கு கெட்டியானது. இரண்டு பாதியையும் இணைக்கும் ஆணிக்குப் பக்கத்தில் வைத்தால்தான் கை வலிக்காமல் நறுக்க வரும். அதனால் ஆணியை ஒட்டிய பாதி உள்வாங்கியும், நுனிப் பாதி ஏறக்குறைய புதிதாகவும் நிற்கும்.

எடைக்குப் போட்டால் அது வெறும் கால் கிலோ இரும்பு. அதற்கு மேல் ஒருவர் காசு கொடுப்பது இந்தத் தடத்துக்காகத்தான். வாங்கும்போதும், துடைக்கும்போதும், சுவரில் மாட்டும்போதும் "இந்தத் தடம் மிஞ்சுமா?" என்று கேட்டுக்கொண்டால் பெரிய தவறு எதுவும் நடக்காது. பழைய சாமானைப் பஃப் மெஷினில் கொடுத்துப் பளபளவென்று ஆக்கி வரவேற்பறையில் வைப்பவர்களிடம் நாங்கள் சொல்வதெல்லாம் இதுதான்: அப்படி ஒன்று வேண்டும் என்றால் புதிதாகவே வாங்கிவிடலாம், பழையதை விட்டுவிடுங்கள்.

எங்கே தேடுவது

சேலத்தில் பித்தளை கைமாறுவது பெரும்பாலும் பாத்திரக்கடையில்தான். கல்யாணச் சீருக்கு எவர்சில்வர் வாங்க வருகிறவர்கள் வீட்டில் கிடக்கும் அண்டா, தவலை, கூஜாவை எடைக்குப் போட்டுக் கழித்துக்கொள்வார்கள். அதெல்லாம் பின்கட்டில் கொஞ்ச நாள் கிடந்துவிட்டு உருக்கப் போய்விடும். வைகாசி, ஆவணி, தை முகூர்த்தங்கள் தொடங்குவதற்கு முன்பே கடைக்காரரிடம் சொல்லி வைத்தால் எடுத்து வைப்பார். பேரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. பழைய பித்தளையை அவர் என்ன விலைக்கு எடுக்கிறார், புதுப் பித்தளைப் பாத்திரத்தை என்ன விலைக்கு விற்கிறார் என்று இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள். சாதாரணச் சாமானுக்கு நியாய விலை அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும். பெயர் வெட்டியது, அபூர்வ வடிவம், முழு செட் என்றால் மேலே போகலாம்.

இரும்புக்கும் மரத்துக்கும் பழைய இரும்புக் கடையும், வீடு இடிக்கிற காண்ட்ராக்டரும்தான் வழி. குகை, அம்மாப்பேட்டைப் பக்கம் தறி நின்றுபோன வீடுகளில் இருந்து, ஊடை நூலை இழுத்து ஓடும் கட்டையான நாடாவும், அதற்குள் போடும் தாரில் நூல் சுற்றும் ராட்டையும் வரும். லீ பஜார் மாதிரி மண்டிப் பகுதியில் தராசு, எடைக்கல், படி, மூட்டையில் குத்தி மாதிரி எடுக்கும் குத்தூசி கிடைக்கும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் 1820களில், காக்பர்ன் சேலம் கலெக்டராக இருந்தபோது, காபி வந்தது. அதனால் ஏற்காட்டு வீடுகளில் கையால் சுற்றி வறுக்கும் உருளையும், சுவரில் திருகி வைத்த காபிக்கொட்டை மெஷினும் இன்னும் தட்டுப்படும். மலைக் கிராமங்களில் ராகி அரைத்த திருகையும், சாமை குத்திய உரலும் இருக்கும். ஆனால் புழக்கத்தில் இருப்பதைக் கேட்டு வாங்காதீர்கள். சும்மா கிடப்பதை மட்டும் கேளுங்கள்.

கடைக்காரரிடம் "இது எந்தப் பக்கத்து வீட்டுல இருந்துங்க வந்துச்சு?" என்று ஒரு வார்த்தை கேட்பதற்கு ரொம்பப் பலன் உண்டு. ஊர், வீட்டார் செய்த தொழில், அந்த வீட்டில் அதற்குச் சொன்ன பெயர் மூன்றையும் அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். சாமான் கடையைத் தாண்டிவிட்டால் அந்தத் தகவல் எங்கே தேடினாலும் கிடைக்காது.

புதிதைப் பழையதாக்கி விற்பது

அலங்காரத்துக்கென்றே செய்த பித்தளை இஸ்திரிப் பெட்டிகள் இப்போது நிறைய வருகின்றன. மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். கரி போட்டுப் புழங்கிய பெட்டியில் காற்றுத் துளைகளின் உள்விளிம்பில் சாம்பல் ஒட்டி இறுகியிருக்கும். மரக் கைப்பிடியின் அடிப்பக்கம் சூட்டில் கறுத்திருக்கும். மேல்பக்கம் வியர்வையும் எண்ணெயும் ஏறி மெருகாக இருக்கும். அடித்தகடு கனமாக, மூக்கு நுனி லேசாக உருண்டு தேய்ந்திருக்கும். அலங்காரப் பெட்டியில் தகடு மெல்லிசு, உள்ளே மொத்தமும் ஒரே கறுப்பு, மூக்கு கூராகவே நிற்கும். கைப்பிடியில் ஸ்டார் தலை ஸ்க்ரூ இருந்தால் ஒன்று புதுச் சரக்கு, இல்லை பிற்காலத்தில் ரிப்பேர் பார்த்தது. ரிப்பேர் ஒரு குறையில்லை; விலையில் மட்டும் பேசிக்கொள்ளுங்கள்.

பொதுவான அடையாளம் ஒன்று சொல்கிறோம். ஆசிட்டில் முக்கி வரவழைத்த கறுப்பு எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்கும். காலம் ஏற்றிய கறுப்பு பள்ளத்தில் தங்கி, கை படும் மேட்டில் இருக்காது.

பித்தளையா, முலாம் பூசிய இரும்பா என்பதற்குக் காந்தம் போதும். பித்தளையா வெண்கலமா என்பதற்கு விரல் முட்டியால் தட்டிக் கேளுங்கள். வெண்கலம் நீளமாக ரீங்கரிக்கும்; பித்தளை சட்டென்று அடங்கிவிடும். வெண்கலம் தட்டினால் 'பட்' என்று செத்த சத்தம் வருகிறதா? எங்கோ மயிரிழை விரிசல் இருக்கிறது. வெண்கலம் நொறுங்கும் தன்மையுள்ளது. ஒடுக்கு எடுக்கிறேன் என்று சுத்தியலால் தட்டினால் உடைந்தே போகும். ஒடுக்கு எடுப்பது பித்தளைக்கும் செம்புக்கும் மட்டும்தான்.

காலம் கணிப்பது

பாத்திரத்தில் வெட்டிய பெயர்தான் முதல் சாட்சி. தேதி இல்லாவிட்டாலும் எழுத்தைப் பாருங்கள். தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது 1978இல். அதற்கு முன்பு லை, ளை, னை, ணை என்ற எழுத்துகளின் கொம்பு யானைத் தும்பிக்கைபோல் எழுத்துக்கு மேலே வளையும். ணா, றா, னா மூன்றும் காலைத் தனியே போடாமல் ஒரே சுழியாக முடியும். 'அண்ணாமலை' என்ற பெயரில் இரண்டையும் சேர்த்தே பார்த்துவிடலாம். பழைய வடிவம் இருந்தால் பெரும்பாலும் 1978க்கு முந்தையது. முழு உறுதி சொல்ல முடியாது, ஏனென்றால் பெயர் வெட்டுகிறவர்கள் பழகிய கையை உடனே மாற்றிக்கொள்ளவில்லை. புது வடிவம் இருந்தால் அந்த எழுத்துக்கள் பெரும்பாலும் பின்னால் வெட்டியவை. ஆனால் பாத்திரம் முந்தியதாக இருக்கலாம்: அம்மாவின் தவலையில் மகள் கல்யாணத்துக்குப் பெயர் வெட்டுவது வழக்கம். ஒரே பாத்திரத்தில் இரண்டு பெயர் இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள்.

எடைக்கற்கள் இன்னும் துல்லியம். 1958 அக்டோபரில் மெட்ரிக் எடை தொடங்கி, 1962இல் கட்டாயமானது. அதற்கு முந்தையவை பலம், சேர், வீசைக் கணக்கு. ஒரு வீசைக்கு 40 பலம். ஒரு வீசை சுமார் 1.4 கிலோ, ஒரு பலம் சுமார் 35 கிராம். தராசில் வைத்து 350 கிராம், 700 கிராம் பக்கம் வந்தால் அது வீசைக் குடும்பம். மெட்ரிக் இரும்புக் கற்கள் அறுகோணமாக இருக்கும். அவற்றில் ஒரு குழியில் காரீயம் அடைத்து, அதன்மேல் முத்திரை ஆய்வாளர் அடித்த அச்சு இருக்கும். அதில் உள்ள இரண்டு இலக்கம் வருஷம். ஏ, பி, சி, டி என்ற ஆங்கில எழுத்து அந்த வருஷத்தின் எந்தக் காலாண்டு என்பது. சரிபார்ப்பு திரும்பத் திரும்ப நடக்கும் என்பதால் ஒரே கல்லில் பல அச்சு இருக்கலாம். அந்தக் காரீயத்தைச் சுரண்டித் துடைத்தால் கல்லின் பிறப்புச் சான்றிதழே போய்விடும்.

விளக்குகளில் செய்த நாட்டின் பெயரோ கம்பெனிப் பெயரோ பொறித்திருக்கும். அரிக்கேன் விளக்கில் மேற்கு ஜெர்மனி என்றிருந்தால் 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது. பிரபாத் என்றிருந்தால் மகாராஷ்டிரத்து ஓகலேவாடியில் செய்த நம் நாட்டு விளக்கு. வெளிநாட்டுப் பெயர் இருந்தால்தான் மதிப்பு என்று நினைப்பதில் நியாயமே இல்லை.

படியைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால். வாய்ப்பாடு ஒன்றாக இருந்தாலும் படியின் கொள்ளளவு ஊருக்கு ஊர் மாறியது, சுமார் 1.3 லிட்டரிலிருந்து 1.7 லிட்டர் வரை பார்க்கலாம். உங்கள் படி எந்த அளவு என்று தெரிந்துகொள்ள, உள்ளே மெல்லிய பாலிதீன் கவரை விரித்து, விளிம்பு மட்டம் தண்ணீர் ஊற்றி, கவரோடு எடுத்துச் சமையலறைத் தராசில் வையுங்கள். எத்தனை கிராமோ அத்தனை மில்லி. கவர் எதற்கென்றால், பழைய படியின் அடிமூட்டு பெரும்பாலும் ஒழுகும். ஒழுகுகிற தண்ணீர் கணக்கைக் கெடுப்பதோடு மூட்டுக்குள் போய்த் துருவையும் கிளப்பும். சரியாக 1 லிட்டர் வந்தால், பார்க்க எவ்வளவு பழசாக இருந்தாலும், மெட்ரிக் வந்த பிறகு செய்த 'லிட்டர் படி'தான் அது. வாய் விளிம்பையும் பாருங்கள். மண்டியில் தலைதட்டி அளந்த படியில் தட்டுக்கோல் இழுத்து இழுத்து விளிம்பு ஒரு திசையில் தேய்ந்து பளபளக்கும். வீட்டில் குவித்து அளந்த படியில் அப்படி இருக்காது. அடிப்பக்கம்தான் அரிசிப் பானையில் இடித்து நசுங்கியிருக்கும். அந்த நசுங்கலை நிமிர்த்தாதீர்கள். நிமிர்த்தினால் அளவும் மாறும், தடமும் போகும்.

வாங்கக் கூடாதவை

யானைத் தந்தப் பிடி, மான் கொம்புப் பிடி போட்ட கத்தி மலைப்பக்கம் வந்து சேரும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உரிமைச் சான்று இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம். "தாத்தா காலத்துச் சாமான்" என்ற பேச்சு அங்கே செல்லாது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள்கள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. சிலைகள், விக்கிரகங்கள் எங்கிருந்து வந்தன என்று தெளிவாகத் தெரியாவிட்டால் தொடாதீர்கள்.

இரும்பு

முதலில் ஈரம் படாமல் துவங்குங்கள். பழைய பல்துலக்கி, பிறகு பித்தளைக் கம்பி பிரஷ். உதிர்கிற துரு இதிலேயே பாதி போய்விடும். மூட்டு இறுகியிருந்தால் மண்ணெண்ணெயில் ஒரு நாள் ஊற விடுங்கள். முறுக்கித் திறக்க வேண்டாம்; பழைய ஆணி முறிந்தால் அதே மாதிரி இன்னொன்று அடித்துத் தர இப்போது கொல்லர் கிடைப்பது கஷ்டம்.

துரு மெல்லியதாக, ஒட்டிக்கொண்டு இருந்தால் கடுக்காய்தான் எங்களுக்குப் பிடித்த வழி. நாட்டு மருந்துக் கடையில் வாங்கி, கொட்டையை நீக்கி, 100 கிராம் தோலை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் பாதியாகச் சுண்டக் காய்ச்சி வடிகட்டுங்கள். ஆறியதும் பிரஷ்ஷால் பூசிக் காயவிட்டு மறுபடி பூசுங்கள். கடுக்காயின் துவர்ப்புச் சத்து துருவோடு சேர்ந்து கருநீலப் படலமாக இறுகும். மூன்று பூச்சு போதும். படலம் உரிந்து வந்தால் அடியில் உதிர்துரு இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். பிரஷ் வேலையை ஒழுங்காக முடிக்காமல் பூசினால் இதுதான் நடக்கும். துருவே இல்லாத இரும்பில் பூசினாலும் சரியாகப் பிடிக்காது. இந்த முறையில் தேய்மானமும் சுத்தியல் அடையாளமும் அப்படியே நிற்கும்.

துரு தடிமனாக இருந்தால் சிட்ரிக் ஆசிட், அதாவது எலுமிச்சை உப்பு. லிட்டருக்கு 50 கிராம். பிளாஸ்டிக் வாளியில் முழுக்கி, மணிக்கொரு தரம் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். ராத்திரி முழுக்கப் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். துரு தீர்ந்ததும் ஆசிட் இரும்பையே தின்னத் தொடங்கும். சாம்பல் நிறமாக, பொத்தல் பொத்தலாகிவிடும். எடுத்ததும் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே துடைத்து, வெயிலிலோ சூடான தோசைக்கல் பக்கத்திலோ காயவையுங்கள். பத்து நிமிஷம் ஈரமாக விட்டாலே ஆரஞ்சு நிறத்தில் புதுத் துரு பூத்துவிடும்.

குழியும் இடுக்கும் நிறைந்த சாமானுக்கு மின்சார முறை நல்லது. லிட்டருக்கு 5 கிராம் சலவைச் சோடா கரைத்து, 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் மைனஸ் முனையைச் சாமானுக்கும், பிளஸ் முனையைச் சாதாரண இரும்புத் துண்டுக்கும் கொடுங்கள். இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. சேலத்தில் எவர்சில்வர் துண்டு எங்கும் கிடைக்கிறது என்று அதை பிளஸ்ஸில் மாட்டிவிடாதீர்கள். அதிலுள்ள குரோமியம் கரைந்து நச்சுக் கரைசலாகும். துத்தநாகம் பூசிய கம்பியும் வேண்டாம். இதில் ஹைட்ரஜன் வாயு கிளம்பும். மூடிய அறையில், அடுப்புப் பக்கத்தில் செய்யாதீர்கள். அலுமினியப் பாகம் இருந்தால் முன்பே கழற்றிவிடுங்கள், சோடாவில் அது கரையும்.

கடைசியில் மெழுகு. தேன்மெழுகு ஒரு பங்கு, டர்பன்டைன் மூன்று பங்கு. மெழுகை நேரடி நெருப்பில் உருக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணம் வைத்து உருக்கி, அடுப்பை அணைத்து, தள்ளி எடுத்துப் போய் டர்பன்டைனைக் கலக்குங்கள். வெதுவெதுப்பான இரும்பில் துணியால் மெல்லிசாகத் தடவி, அரை மணி கழித்துத் துடைத்து விடுங்கள். தேங்காய் எண்ணெய் காட்சிச் சாமானுக்கு ஆகாது. சிக்குப் பிடித்துத் தூசியை இழுக்கும். ஆளிவிதை எண்ணெய் பூசுகிறவர்கள், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயப்போட வேண்டும். சுருண்ட துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும்.

அரிவாள்மனையை மட்டும் எதிலும் முக்கக் கூடாது. பலகைக்குள் இறங்கிய இரும்பு அடியில் துருப்பிடித்தால் உப்பும். உப்பினால் பலகை பிளக்கும். நனைத்த துணியை அலகில் மட்டும் சுற்றி வேலை செய்யுங்கள்.

பித்தளையும் ஈயமும்

புளியும் உப்பும் போட்டுத் தேய்ப்பது தினசரிப் பாத்திரத்துக்குச் சரி. தினமும் கழுவிக் காய்வதால் உப்பு தங்காது. அலமாரியில் வைக்கும் சாமானுக்கு உப்பு விஷம். சித்திர வேலைப்பாட்டு இடுக்கில் தங்கும் உப்பு, ஈரக் காற்றில் வெளிர் பச்சைத் தூளாகப் பூக்கும். துடைத்தாலும் அதே இடத்தில் திரும்ப வரும். உப்பில்லாத புளித்தண்ணீர் போதும், அதுவும் ஐந்து நிமிஷம். மணிக்கணக்கில் ஊறினால் பித்தளையில் உள்ள துத்தநாகம் கரைந்து, மேலே செம்பு மட்டும் நின்று திட்டுத்திட்டாகச் சிவந்துவிடும். அதைப் பஃப் போட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கும், அதோடு பெயரும் மழுங்கும். வெளிப்பக்கக் கரியையும் பிசுக்கையும் வெந்நீர், பாத்திரம் கழுவும் சோப்பு, மரக்குச்சி வைத்து எடுத்துவிட்டு, பழுப்பு மெருகை அப்படியே விடுவதுதான் எங்கள் தீர்ப்பு.

சமைக்கும் ஆசை இருந்தால் உள்ளே ஈயம் பூசியே ஆக வேண்டும். கனலில் பாத்திரத்தைச் சூடேற்றி, நவச்சாரம் தூவி, ஈயக்குச்சியைத் தேய்த்து, பஞ்சால் இழுத்துப் பரப்புவது பூசுகிறவர் வேலை. உங்கள் வேலை, சுத்த வெள்ளீயமா என்று கேட்டு உறுதி செய்வது. பழைய ஈயச் சொம்புகளில் நச்சான காரீயம் கலந்திருக்கலாம். வெள்ளைத் தாளில் அழுத்தி இழுத்தால் பென்சில் மாதிரிச் சாம்பல் கோடு விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் ரசம் வைக்கக் கூடாது. கோடு விழாவிட்டாலும் பூர்வீகம் தெரியாத சொம்பைக் காட்சிக்கு மட்டும் வையுங்கள். ஈயச் சொம்பை வெறுமையாக அடுப்பில் ஏற்றவே கூடாது. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும்.

பெயிண்ட் அடித்த டிரங்குப் பெட்டி, தொட்டில், மரப்பாச்சி எதையும் உப்புத்தாள் போட்டுக் காய்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். பழைய பெயிண்டில் காரீயம் இருக்கலாம்; வீட்டுப் பெயிண்டில் அதற்கு 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) என்ற வரம்பு நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெட்ரோமாக்ஸ் வாங்கினால் உள்ளே தொங்கும் பழைய மேண்டிலை, அதாவது ஒளிவிடும் வலைத்திரியை, ஊதி உதிர்க்காதீர்கள். பழைய மேண்டில்களில் கதிரியக்கமுள்ள தோரியம் உண்டு. ஈரத்துணியில் எடுத்துக் கவரில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

மலைச் சாமான் ஊருக்கு வந்தால்

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், மாதக்கணக்கில் மூடுபனி. சேலம் சித்திரையில் 40 டிகிரியைத் தொடும். அங்கே ஈரம் குடித்துக் கிடந்த மர உரலையோ அஞ்சறைப்பெட்டியையோ நேராகக் கொண்டுவந்து மின்விசிறிக்கு அடியில் வைத்தால் ஒரு வாரத்தில் நெடுக்காக வெடிக்கும். செய்தித்தாளில் நாலைந்து சுற்றுச் சுற்றி, வீட்டின் குளிர்ந்த மூலையில் ஒரு மாதம் வையுங்கள். வாரத்துக்கு ஒரு சுற்று பிரியுங்கள். மரம் மெதுவாக உலரும். எதிர்த்திசையில், இங்கிருந்து மலைக்குப் போகும் சாமானில் இரும்புக்கு மெழுகு இரண்டு பூச்சு வேண்டும், பித்தளையைச் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது.

உளுத்த ஓட்டை இருந்தால் பயப்பட வேண்டாம், புதுத் தூள் விழுகிறதா என்று பாருங்கள். கறுப்புத் துணிமேல் பத்து நாள் வைத்தால் தெரிந்துவிடும். விழுந்தால், கறுப்புப் பாலிதீனில் காற்றுப் புகாமல் கட்டிச் சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் ஒரு பகல் முழுவதும் வையுங்கள். உள்ளே 55 டிகிரிக்கு மேல் சில மணி நேரம் நின்றால் வண்டும் முட்டையும் சாகும். ஒரு தெர்மாமீட்டரையும் உள்ளே போட்டுக் கட்டினால் சந்தேகம் இருக்காது. ஒட்டுப் போட்ட சாமானுக்கும் வார்னிஷ் அடித்த சாமானுக்கும் இந்த முறை ஆகாது.

மாட்டி வைப்பது

சாமான் வேலை செய்த நிலையிலேயே நிற்க வேண்டும். அரிவாள்மனை தரைமட்டத்தில், அலகு நிமிர்ந்து, மத்து கடைகயிற்றோடு, திருகையின் மேல்கல் கைப்பிடியோடு. சுவரில் கடிகாரம் மாதிரி மாட்டிய அரிவாள்மனையைப் பார்க்கும் பிள்ளைக்கு அதில் உட்கார்ந்து காய் நறுக்குவார்கள் என்று எப்படித் தெரியும்? அலகுக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் தோட்டக்குழாய்த் துண்டை நெடுக்காகக் கீறிச் செருகுங்கள்.

சுவரில் ஆணி அடிக்காமல் பிளக் போடுங்கள். பூச்சுக் கனம் 12 முதல் 15 மில்லிமீட்டர் இருக்கும், அதற்குப் பிடிமானம் கிடையாது. 8 மில்லிமீட்டர் கனம், 50 மில்லிமீட்டர் நீளம் உள்ள பிளக் என்றால் 35 மில்லிமீட்டராவது செங்கல்லுக்குள் இறங்கும். பழைய சுண்ணாம்புச் சுவரில் துளை பொடிந்து பெரிதாகிவிடும். அங்கே மரச்சட்டம் ஒன்றை நாலைந்து இடத்தில் பிடித்து, சட்டத்தில் மாட்டுங்கள். சாமானில் புதிதாகத் துளை போடுவது கூடவே கூடாது. ரப்பர் பேண்டால் கட்டாதீர்கள், கந்தகம் பித்தளையையும் வெள்ளியையும் கறுக்கடிக்கும். புதுப் பிளைவுட் அலமாரியில் கண்ணாடிக் கதவு போட்டு எடைக்கல்லைப் பூட்டி வைத்தால் காரீயம் வெள்ளைப் பொடியாகப் பூக்கும், பலகையிலிருந்து வரும் ஆசிட் ஆவிதான் காரணம். பவுடர் கோட்டிங் செய்த இரும்பு அலமாரி நல்லது.

கல் சாமானுக்கு எடையைக் கணக்கிட்டே இடம் பாருங்கள். 40 சென்டிமீட்டர் விட்டம், 30 சென்டிமீட்டர் உயரம் உள்ள ஆட்டுக்கல், குழியைக் கழித்தாலும் 90 கிலோ இருக்கும். குழவி தனி. வீட்டுத் தளம் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவு புழக்கச் சுமைக்குக் கணக்குப் போட்டுக் கட்டுவது. மாடியில் நடு ஹாலில் மூன்று கல்லைக் கூட்டி வைக்காதீர்கள். தரைத்தளம், அல்லது பீம் ஓடும் சுவரோரம்.

சாமானுக்கு எண் கொடுத்து, வெள்ளைப் பருத்தி நூலில் அட்டைச் சீட்டுக் கட்டுங்கள். சீட்டில் பென்சிலால் எழுதுங்கள்; பேனா மை ஈரத்தில் பரவும். பெயர் எழுதும்போது விற்றவர் வீட்டில் சொன்ன பெயரை முதலில் எழுதுங்கள், அருவாமனை என்றால் அருவாமனைதான். அடுத்து ஊர், அளவு, எடை, வாங்கிய தேதி, கொடுத்த விலை, என்ன துடைத்தீர்கள், எதைக்கொண்டு துடைத்தீர்கள். துடைப்பதற்கு முன் நாலு பக்கமும் அடியும் படம் எடுத்து அதே எண்ணில் சேமியுங்கள். ஐப்பசி மழைக்கு முன் ஒரு முறையும், தை பிறந்ததும் ஒரு முறையும் எல்லாவற்றையும் கீழே இறக்கி, இரும்பில் ஆரஞ்சுப் புள்ளி, பித்தளையில் பச்சைத் தூள், மரத்தில் புதுப்பொடி இருக்கிறதா என்று பார்த்து, மெழுகு தேய்ந்த இடத்தில் மட்டும் திரும்பத் தடவி, அந்தத் தேதியையும் சீட்டின் பின்பக்கம் குறித்துவிடுங்கள்.